கற்சிலைமடு: ஒரு கல் கூறும் வரலாறு

வன்னிப் பெருநிலப்பரப்பிலே, ஒட்டுசுட்டானை அடுத்து அமைந்த சிற்றூர் கற்சிலைமடு. தான்தோன்றீசுவரர் ஆலயமும் முத்தையன்கட்டுக் குளமும் அதன் அயலில் உள்ளன. வயலும் காடும் சூழ்ந்த இவ்வூருக்கு வரலாற்றேட்டில் இடம் தேடித் தந்தது ஒரு நினைவுக் கல்லேயாகும்.

1803 ஆகஸ்ட் 25இல் பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கி, ஆங்கிலப் படையை வெளியேற்றினான். அவ்வாண்டு ஒக்டோபர் 31இல் கப்டன் வொன் டிறிபேர்க் அவனை இப்பகுதியில் முறியடித்தான். அச்செய்தியை ஆங்கிலேயர் தம் மொழியிற் கல்லிற் பொறித்து ஈண்டு நாட்டினர்.

இங்கு ஊன்றி நோக்கவேண்டியது ஒன்றுண்டு. வன்னியன் அன்றே களத்தில் வீழ்ந்தான் என்பது மக்கள் வழக்கு. கல்லோ, அவன் தோற்கடிக்கப்பட்டான் என்கிறதேயன்றிக் கொல்லப்பட்டான் எனக் கூறவில்லை. பகைவனைக் கொன்ற வெற்றியாளர் அதனைக் கூறாது விடுவரோ? வழக்கை வரலாறெனக் கொள்ளுமுன் இவ்வினாவை எழுப்புதல் நம் கடன். அன்று அவன் உயிர் தப்பியிருப்பினும் அவன் வீரம் குன்றிவிடாது.

வெற்றியைப் பறைசாற்ற நாட்டிய கல்லே தோற்றவன் பெயரையும் காத்தது. டிறிபேர்க்கை இன்று நினைப்பார் எவர்? வவுனியா நகரிலே சிலையாக நிற்பவன் பண்டாரவன்னியனே.