விடுதியும் பந்தியும்

திருவண்ணாமலையின் செங்கம் சாலை வழியே மலைவலம் வருவோர் ரமணாசிரமத்தின் வாயிலைக் கடந்தே செல்வர். அதே சாலையில்தான் 1966ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற அரசு கலைக் கல்லூரியும் உள்ளது. தொலைவிலுள்ள சிற்றூரிலிருந்து கல்லூரியில் சேர வரும் மாணவனின் உள்ளத்தில் முதலில் எழுவது பாடத்தைப் பற்றிய வினாவன்று. எங்கே தங்குவது, எங்கே உண்பது என்பதே அவ்வினா. நம் சமுதாயத்தின் கல்வி வரலாற்றில் பெரும்பகுதி அவ்வினாவுக்கு விடை தேடிய வரலாறே ஆகும்.

ஒரு கூரையின்கீழ் வாழ்வோர் அனைவரும் ஒரே பந்தியில் அமர்வர் என்பதற்கு உறுதியில்லை. ரமணர் வாழ்ந்த நாளில், அவருடைய ஆசிரமத்து உணவுக்கூடத்திலேயே பிராமணர் ஒரு பக்கமும் ஏனையோர் மறுபக்கமும் அமர்ந்தனர். ரமணர் இரு சாராருக்கும் தெரியும்படி அமர்ந்து உண்டார். அக்காலத்துப் பொது உணவுக்கூடங்களின் நிலைக்கு இஃது ஒரு சான்று.

இவ்வேறுபாடு மாணவர் விடுதியில் நுழைந்தபோது தமிழ்நாடே அதிர்ந்தது. 1922இல் வ. வே. சு. ஐயர் தொடங்கிய தமிழ்க் குருகுலம் பின்னர்ச் சேரன்மாதேவியில் நடைபெற்றது. அங்கே இரண்டு பிராமணச் சிறுவர்களுக்குத் தனியே உணவு பரிமாறப்பட்டது. இதனை டாக்டர் வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் கடுமையாக எதிர்த்தனர். காங்கிரஸ் தருவதாக ஒப்புக்கொண்ட 10,000 ரூபாயில் எஞ்சிய 5,000 ரூபாயைத் தரப் பெரியார் மறுத்தார். 1925இல் ஐயர் பொறுப்பிலிருந்து விலகினார். இரண்டே இலைகளைத் தனியே போட்டதன் விளைவு இது! ஆயினும் அவ்வழக்கு, பெரும்பாலும் பிராமணர், பிராமணரல்லாதார் என்னும் எல்லைக்குள்ளேயே நடந்தது. ஆதிதிராவிடப் பிள்ளையின் இலைக்கு எங்கே இடம் என்ற வினா ஓரத்திலேயே நின்றது.

அவ்வினாவுக்குச் செயலால் விடையளித்தவர் சுவாமி சகஜானந்தர். 1890இல் ஆரணிக்கு அருகிலுள்ள மேல்புதுப்பாக்கத்தில் பிறந்த அவர் நம் மாவட்டத்து மைந்தர் என்பதை இளைஞர்கள் மறத்தலாகாது. 1916இல் சிதம்பரத்தில் நந்தனார் பெயரால் கல்விக்கூடம் அமைத்தார், விடுதியும் நிறுவினார். பிறர் விடுதியில் இடமில்லாத பிள்ளைகளுக்குத் தங்கவும் உண்ணவும் கற்கவும் அங்கே இடம் கிடைத்தது. 1959இல் மறையும்வரை அவர் அப்பணியை விட்டாரில்லை.

மகாராட்டிரத்தில் பாவுராவ் பாட்டீல் மற்றொரு வழி கண்டார். சாத்தாராவில் 1924இல் அவர் நடத்திய விடுதியில் எல்லாச் சாதி மாணவரும் சேர்ந்து சமைத்து, சேர்ந்தே உண்டனர். 1927இல் அவ்விடுதிக்குச் சாகு மகாராஜாவின் பெயர் சூட்டியவர் காந்தியடிகள்.

இம்மூன்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள். சேரன்மாதேவியில் கூரை பொது, பந்தி வேறு. சிதம்பரத்தில் பந்தி நமது, கூரை தனி. சாத்தாராவில் கூரையும் பொது, பந்தியும் பொது. மூன்றாவதே நாம் அடைய வேண்டிய நிலை. எனினும் இரண்டாவதைத் தாழ்வாகக் கருதுவது நன்றி மறத்தலாகும். தனி விடுதி நாம் விரும்பி எழுப்பிய வேலியன்று. வேலிக்கு வெளியே நிறுத்தப்பட்ட பிள்ளைக்குக் கிடைத்த நிழல். அந்நிழல் இல்லையேல் நம்முள் பலர் கல்லூரி வாயிலையே கண்டிருக்க மாட்டோம்.

அண்ணல் அம்பேத்கரின் வாழ்வும் இதையே கூறுகிறது. 1913இல் அமெரிக்கா சென்ற அவர் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் லிவிங்ஸ்டன் விடுதியில் நவல் பதேனா என்னும் பார்சி நண்பருடன் தங்கினார். பட்டங்களுடன் 1917இல் பரோடா வந்தபோதோ தங்க இடமில்லை. பார்சிகளின் விடுதியில் வேறு பெயரில் தங்கினார். அவர் யார் என்று தெரிந்ததும் தடியேந்திய கூட்டம் வந்து வெளியேற்றியது. நியூயார்க்கில் ஒரு பார்சியின் தோழமை. பரோடாவில் பார்சிகளின் தடி! குற்றம் ஊரின் வழக்கத்தில் இருந்தது. பின்னர் 1924இல் அவர் அமைத்த பகிஷ்கிருத ஹிதகாரிணி சபை, சோலாப்பூரில் மாணவர் விடுதி தொடங்கியதில் வியப்பென்ன?

இன்று அரசு விடுதிகள் ஊர்தோறும் உள்ளன. 2025இல் அவற்றிற்குச் ‘சமூகநீதி விடுதி’ என்று பெயரும் சூட்டப்பட்டது. பெயர் நன்று, சோறும் நன்றாயிருத்தல் வேண்டும். இளைஞர்களே, விடுதியில் சேரும்போது கட்டடத்தின் உயரத்தை மட்டும் பாராதீர்கள். சமைப்பவர் யார், அருகிலமர்ந்து உண்பவர் யார், குறை சொன்னால் கேட்பவர் யார் என்று பாருங்கள். விடுதிச் சோறுண்டு உயர்ந்த பெரியோர்களே, திங்களுக்கு ஒருமுறையேனும் விடுதிக்குச் சென்று, நம் பிள்ளைகளின் பந்தியில் அமர்ந்து உண்ணுங்கள். உண்டவரே அந்தச் சோற்றின் தரத்தைக் கூற இயலும்; உண்டவருக்கே அதனைக் கேட்கும் கடமையும் உண்டு.