எஸ்.பி.பி குரலும் மழைச் சத்தமும் யாருக்குச் சொந்தம்? ஒலிப்பதிவுக்கான பதிப்புரிமைச் சட்டம் சொல்வது என்ன?

2023 நவம்பரில் 'கீடா கோலா' என்ற தெலுங்குப் படம் வெளியானது. ஹைதராபாத்தைச் சேர்ந்த தருண் பாஸ்கர் இயக்கம், விவேக் சாகர் இசை. படத்தில் எஸ்.பி.பாலசுப்ரமணியத்தின் குரல் கேட்டது. ஆனால் எஸ்.பி.பி 2020 செப்டம்பர் 25-ம் தேதியே மறைந்துவிட்டார். திரையில் கேட்டது ஏஐ மூலம் உருவாக்கிய குரல்.

2024 ஜனவரியில் எஸ்.பி.பி-யின் மகன் சரண், படத் தயாரிப்பாளர்களுக்கும் இசையமைப்பாளருக்கும் வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார். தொழில்நுட்பம் வருவதில் தங்களுக்கு வருத்தம் இல்லை, குடும்பத்திடம் ஒரு வார்த்தை கேட்காமல் வணிகத்துக்குப் பயன்படுத்தியதுதான் பிரச்னை என்பது அவர் தரப்பு.

அதே மாதம் சென்னையில் நடந்தது வேறு மாதிரி. 'லால் சலாம்' படத்தின் 'திமிறி எழுடா' பாடலில் மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, ஷாகுல் ஹமீது இருவரின் குரலையும் ஏஐ மூலம் ஏ.ஆர்.ரஹ்மான் கொண்டுவந்தார். குடும்பங்களிடம் அனுமதி வாங்கி, பணமும் கொடுத்தோம் என்று அவரே பொதுவெளியில் சொன்னார்.

"அனுமதி வாங்கலைன்னா காப்பிரைட் கேஸ் போட வேண்டியதுதானே?" என்று தோன்றலாம். அங்கேதான் சிக்கல். நம் பதிப்புரிமைச் சட்டத்தில் 'குரல்' என்பதற்குப் பாதுகாப்பே இல்லை. இருப்பது ஒலிப்பதிவுக்கு மட்டும். இந்த ஒரு வித்தியாசம் புரிந்தால், ரீல்ஸில் போடும் 'டிஷ்யூம்' சத்தத்திலிருந்து அலுவலக வீடியோவில் சேர்க்கும் பின்னணி இசை வரை பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

(ஒரு சின்ன விளக்கம்: செய்திகளில் காப்பிரைட்டைக் 'காப்புரிமை' என்றும் எழுதுகிறோம். அந்தச் சொல் பேட்டன்ட்டையும் குறிப்பதால் இங்கே 'பதிப்புரிமை' என்றே வைத்துக்கொள்வோம்.)

சட்டம் காப்பது எதை?

1957-ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின்படி, ஒலிகளைத் திரும்பக் கேட்கும்படி பதிந்து வைத்த எதுவும் ஒலிப்பதிவுதான். இசைத்தட்டா, கேசட்டா, போனில் இருக்கும் ஃபைலா என்பது பொருட்டில்லை. அந்த ஒலி எப்படி உண்டானது என்பதும் பொருட்டில்லை.

கதை, கவிதை, இசை, ஓவியம் ஆகியவற்றுக்குப் பாதுகாப்பு வேண்டுமென்றால் அவை 'சுயமான' படைப்பாக இருக்க வேண்டும் என்கிறது 13-வது பிரிவு. ஒலிப்பதிவைச் சொல்லும்போது அந்த வார்த்தை இல்லை. ஆகவே நாய் குரைப்பதை நீங்கள் ரெக்கார்ட் செய்தாலும் அந்தப் பதிவுக்குப் பதிப்புரிமை உண்டு. பதிவு செய்த கணமே அது வந்துவிடும். பதிப்புரிமை அலுவலகத்தில் 2,000 ரூபாய் கட்டி ஒலிப்பதிவைப் பதியலாம். வழக்கு என்று வந்தால் அந்தச் சான்றிதழ் கைகொடுக்கும். ஆனால் கட்டாயம் இல்லை.

சார்மினார் பக்கத்தில் லாட் பஜாரில் வளையல்கள் குலுங்குவதை இரண்டு பேர் அடுத்தடுத்து நின்று ரெக்கார்ட் செய்கிறார்கள் என்று வையுங்கள். கேட்டால் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். ஆனாலும் சட்டப்படி அவை இரண்டு தனிப் பதிவுகள். அவரவர் பதிவு அவரவருக்கு. ஒருவருடைய ஃபைலை இன்னொருவர் கேட்காமல் எடுத்துத் தன் குறும்படத்தில் போட்டால் அது மீறல். மூன்றாவதாக ஒருவர் தானே போய் வளையலைக் குலுக்கிப் பதிந்துகொண்டால் யாரும் ஒன்றும் சொல்ல முடியாது. வளையல் சத்தத்துக்கு உரிமையாளர் இல்லை, பதிவுக்குத்தான் உண்டு.

ஒலியையே தனக்கென்று வைத்துக்கொள்ள வேண்டுமானால் அதற்கு வேறு சட்டம் இருக்கிறது: டிரேட்மார்க். யாஹூ நிறுவனத்தின் அந்த நீளமான 'யாஹூ...' கூவலுக்கு 2008-ல் கிடைத்ததுதான் இந்தியாவில் பதிவான முதல் ஒலிச் சின்னம். ஆனால் ஒரு பிராண்டை அடையாளம் காட்டும் ஒலிக்குத்தான் அந்த வழி. கதவு கிறீச்சிடும் சத்தத்துக்கு யாரும் டிரேட்மார்க் வாங்கிவிட முடியாது.

ஒரு 'ஊஃப்' படுத்திய பாடு

"சவுண்ட் எஃபெக்டுக்கெல்லாமா கேஸ் போடுவாங்க?" என்று கேட்பவர்கள் ராப்லாக்ஸ் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த ஆன்லைன் விளையாட்டில் பாத்திரம் செத்து விழும்போது 'ஊஃப்' என்று ஒரு சத்தம் வரும். உலகம் முழுக்கக் குழந்தைகள் அதை வைத்து மீம் போட்டார்கள். 2000-ல் வந்த 'மெசையா' என்ற பழைய கேமில் இருந்த சத்தம் அது. அந்த கேமுக்கு ஒலி அமைத்த டாமி டலாரிகோ உரிமை கோரினார். 2020-ல் இரு தரப்பும் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தன. கடைசியில் 2022 ஜூலையில் ராப்லாக்ஸ் அந்தச் சத்தத்தையே எடுத்துவிட்டு, வேறொன்றைப் போட்டது. ஒரு விநாடிகூட இல்லாத சத்தம்!

இணையத்தில் 'இலவசம்' என்று கிடைக்கும் எஃபெக்டுகளிலும் இதே கண்ணி உண்டு. பார்சிலோனாவில் உள்ள பொம்பெயு ஃபாப்ரா பல்கலைக்கழகம் 2005-ல் தொடங்கிய ஃப்ரீசவுண்ட் தளத்தில் லட்சக்கணக்கான ஒலிகள் இருக்கின்றன. அவற்றில் சிலவற்றை எப்படி வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். சிலவற்றுக்குப் பதிந்தவரின் பெயர் போட வேண்டும். சிலவற்றை வணிகத்துக்குத் தொடவே கூடாது. பிபிசி-யின் சவுண்ட் எஃபெக்ட் கிடங்கும் அப்படித்தான். படிப்புக்கும் சொந்த உபயோகத்துக்கும் இலவசம், விளம்பரத்தில் போட வேண்டுமானால் தனி லைசென்ஸ். கல்லூரி ப்ராஜெக்டில் போட்ட அதே இடி முழக்கத்தை வேலைக்குச் சேர்ந்த பின் கம்பெனி விளம்பரத்தில் போட்டு மாட்டிக்கொள்வது இப்படித்தான் நடக்கிறது.

'ராயல்டி ஃப்ரீ' என்ற வார்த்தையும் பலரை ஏமாற்றுகிறது. ஒருமுறை கட்டணம் கட்டிவிட்டால் ஒவ்வொரு முறைக்கும் தனியாகக் கட்ட வேண்டாம் என்பதுதான் அதற்கு அர்த்தம். ஓசி என்று அர்த்தம் இல்லை.

சத்தம் போட்டவருக்கு என்ன கிடைக்கும்?

என்னைக் கேட்டால், இந்த விஷயத்தில் அதிகம் பேசப்படாத பகுதி இதுதான்.

சினிமாவில் கதாநாயகன் நடக்கும் காலடி ஓசை, புடவை உரசும் ஓசை, டம்ளர் வைக்கும் ஓசை பெரும்பாலும் படப்பிடிப்பில் கிடைத்தவை அல்ல. ஃபோலே கலைஞர்கள் ஸ்டுடியோவில் திரையைப் பார்த்துக்கொண்டே செருப்பை மாற்றி மாற்றிப் போட்டு நடந்து உண்டாக்குபவை. ஹைதராபாத்தின் அன்னபூர்ணா, ராமாநாயுடு போன்ற ஸ்டுடியோக்கள் உள்ள ஊரில் இது தினசரி வேலை. அந்த ஓசை யாருக்குச் சொந்தம்?

தயாரிப்பாளருக்கு. ஒலிப்பதிவின் உரிமையாளர் என்று சட்டம் சொல்வது, அதை உருவாக்க முன்முயற்சியும் பொறுப்பும் எடுத்துக்கொண்டவரை. காட்சியுடன் சேர்ந்து வரும் ஒலி, திரைப்படம் என்ற வரையறைக்குள்ளேயே அடங்கிவிடுகிறது.

சரி, ஃபோலே கலைஞருக்கு 'நிகழ்த்துக் கலைஞர்' என்ற உரிமையாவது உண்டா? சட்டம் தரும் பட்டியலில் நடிகர், பாடகர், நடனக் கலைஞர், கழைக்கூத்தாடி, பாம்பாட்டிகூட இருக்கிறார்கள். ஆனால் 2012 திருத்தத்தில் ஒரு நிபந்தனை சேர்ந்தது. திரைப்படத்தில் ஒருவரின் பங்கு தற்செயலானதாக இருந்து, தொழில் வழக்கப்படி அவர் பெயர் எங்கேயும் போடப்படாது என்றால், அவர் நிகழ்த்துக் கலைஞராகக் கருதப்பட மாட்டார். தன் நிகழ்ச்சியைச் சிதைத்தால் எதிர்க்கலாம் என்பது மட்டும் மிஞ்சும். டைட்டில் கார்டில் பெயர் வருகிறதா என்பதை வெறும் மரியாதைப் பிரச்னையாக நினைத்துவிடக் கூடாது என்பது இதனால்தான். பாம்பாட்டிக்கு இடம் கொடுத்த சட்டத்தில், பெயர் வராத ஒரு காலடிக்காரர் தன் இடத்துக்கு வாதாட வேண்டியிருக்கிறது.

சம்பளத்துக்கு வேலை செய்பவராக இருந்தால், வேலையின் பகுதியாகப் பதிந்தது நிறுவனத்துக்குப் போகும். ஃப்ரீலான்சராக இருந்தால் எல்லாமே எழுதிக் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தைப் பொறுத்தது. இங்கே 19-வது பிரிவு கொஞ்சம் கைகொடுக்கும். உரிமையை எழுதிக் கொடுக்கும்போது காலம் குறிப்பிடவில்லை என்றால் ஐந்து வருடம்தான் செல்லும். இடம் குறிப்பிடவில்லை என்றால் இந்தியாவுக்குள் மட்டும்தான் செல்லும். வாட்ஸ்அப்பில் "ஓகே ப்ரோ, டன்" என்று முடித்துக்கொள்ளும் வேலைகளில் இரண்டு தரப்புமே இதை யோசிப்பதில்லை.

'பத்து செகண்ட்தானே!'

ஏழு விநாடி, பத்து விநாடி, முப்பது விநாடி வரை பாட்டு போடலாம் என்று ஆளுக்கொரு கணக்கு சொல்வார்கள். இந்தியச் சட்டத்தில் அப்படி எந்த விநாடிக் கணக்கும் கிடையாது.

நீதிமன்றங்கள் பார்ப்பது வேறு. இந்தியா டிவி, யஷ் ராஜ் ஃபிலிம்ஸ் வழக்கில் 2012-ல் டெல்லி உயர்நீதிமன்றம், எடுத்தது மிகமிக அற்பமாக இருந்தால் சட்டம் அதைக் கண்டுகொள்ளாது என்றது. எவ்வளவு எடுத்தார்கள், என்ன பாதிப்பு, என்ன நோக்கம் என்றெல்லாம் சேர்த்துப் பார்த்துச் சொன்ன முடிவு அது. அமெரிக்காவிலோ நீதிமன்றத்துக்கு நீதிமன்றம் வேறு பேச்சு. 2005-ல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் துளி எடுத்தாலும் லைசென்ஸ் வேண்டும் என்றது. மடோனாவின் 'வோக்' பாட்டில் இருந்த 0.23 விநாடி ஊதல் ஒலிக்காகத் தொடுத்த வழக்கில், 2016-ல் வேறொரு நீதிமன்றம் அது அற்பம் என்று தள்ளிவிட்டது.

யூடியூபில் வரும் 'காப்பிரைட் கிளைம்' தீர்ப்பு அல்ல, மென்பொருள் கண்டுபிடித்த ஒற்றுமை அவ்வளவுதான். அதே சமயம் வேண்டுமென்றே செய்த மீறல் குற்றமும்கூட. 63-வது பிரிவில் ஆறு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறை, 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதம். இதில் வாரன்ட் இல்லாமல் கைது செய்யலாம், ஜாமீன் உரிமையாகக் கிடைக்காது என்று உச்ச நீதிமன்றம் 2022-ல் சொல்லிவிட்டது.

அலுவலக ஆண்டு விழாவில் பாட்டு போடுவதுகூட வழக்காகியிருக்கிறது. நோவெக்ஸ் நிறுவனம் டிஎக்ஸ்சி, காக்னிசன்ட் மீது சென்னை உயர்நீதிமன்றத்துக்குப் போனது. பதிவுபெற்ற பதிப்புரிமைச் சங்கமாக இல்லாமல் லைசென்ஸ் தொழில் நடத்த முடியாது என்று 2021 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. 2024 ஜனவரியில் பம்பாய் உயர்நீதிமன்றம் நேர்மாறாகச் சொன்னது. யாரிடம் லைசென்ஸ் வாங்குவது என்பதில்தான் சண்டை. லைசென்ஸ் வேண்டுமா என்பதில் இல்லை.

பழைய பாட்டு என்றால் பயமில்லையா?

ஒலிப்பதிவுக்கு, வெளியான வருடம் முடிந்ததிலிருந்து 60 ஆண்டு பாதுகாப்பு. 1965-ல் வந்த இசைத்தட்டின் பாதுகாப்பு 2025 டிசம்பரோடு முடிகிறது. உடனே எடுத்துப் போட்டுவிடாதீர்கள். பாட்டு என்பது வரி, மெட்டு, பதிவு என்று மூன்று உரிமைகள். வரிக்கும் மெட்டுக்கும் படைத்தவரின் வாழ்நாளுடன் மேலும் 60 ஆண்டு. கண்ணதாசன் 1981-ல் மறைந்தார். அவர் வரிகளுக்கு 2041 முடியும் வரை பாதுகாப்பு உண்டு. எம்.எஸ்.விஸ்வநாதன் மறைந்தது 2015-ல். அவர் மெட்டுகளுக்கு 2075 வரை. 2024-ல் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' படத்துக்கு இளையராஜா நோட்டீஸ் அனுப்பியபோது, இசை நிறுவனங்களிடம் உரிமை வாங்கிவிட்டோம் என்று படக்குழு பதில் சொன்னதை இந்தக் கண்ணாடி வழியாகப் பாருங்கள். ஒரே பாட்டுக்குள் இருக்கும் வெவ்வேறு உரிமைகள் வெவ்வேறு கைகளில் இருக்க முடியும்.

அப்படியானால் எஸ்.பி.பி குரல்?

எஸ்.பி.பி பாடிய பதிவுகள் பெரும்பாலும் இசை நிறுவனங்களின் கையில் இருக்கின்றன. அந்தப் பதிவை அப்படியே எடுத்தால் நிறுவனம் வழக்குப் போடலாம். ஏஐ உருவாக்கிய குரலில் அந்தப் பதிவின் ஒரு துளிகூட இல்லை என்று எதிர்த்தரப்பு சொல்லும். ஒருவரைப் போலவே பாடுவது பதிவை நகலெடுப்பது ஆகாது, மிமிக்ரி கலைஞர்கள் பிழைப்பதே அதில்தான். ஏஐ-க்குக் கற்றுக்கொடுக்கப் பழைய பாட்டுகளைச் சேமித்ததே நகல்தானே என்று திருப்பிக் கேட்கலாம். 14-வது பிரிவு சேமிப்பதையும் உரிமையாளரின் உரிமையாகச் சொல்கிறது. ஆனால் அந்த வாதத்தை எடுத்துக்கொண்டு போகும் உரிமையும் நிறுவனத்துக்குத்தான், குடும்பத்துக்கு இல்லை. ஏஐ பயிற்சி பற்றி ஓபன்ஏஐ மீது டெல்லி உயர்நீதிமன்றத்தில் ஏஎன்ஐ தொடுத்த வழக்கில், 2025 பிப்ரவரியில் இசை நிறுவனங்களின் அமைப்பும் சேர்த்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டது.

குரலுக்கு வேறு பாதை திறந்திருக்கிறது. ஆளுமை உரிமை என்று நீதிமன்றங்கள் வளர்த்துவருவது. 2024 ஜூலையில் பம்பாய் உயர்நீதிமன்றம் பாடகர் அரிஜித் சிங்கின் குரலை ஏஐ கருவிகள் நகலெடுக்க இடைக்காலத் தடை போட்டது. 2025 செப்டம்பரில் நடிகர் சிரஞ்சீவி ஹைதராபாத் சிட்டி சிவில் கோர்ட்டில் தன் பெயர், உருவம், குரல் ஆகியவற்றுக்கு இடைக்காலப் பாதுகாப்பு வாங்கினார்.

இருவரும் உயிரோடு இருப்பவர்கள். நடிகர் சுஷாந்த் சிங் ராஜ்புத்தின் தந்தை தொடுத்த வழக்கில், இந்த உரிமை அவரோடு முடிந்துவிட்டது என்று 2023 ஜூலையில் டெல்லி உயர்நீதிமன்றம் சொன்னது. 'தலைவி' படத்தை எதிர்த்து ஜெ.தீபா போட்ட வழக்கில், ஜெயலலிதாவின் அந்தரங்க உரிமை வாரிசுக்கு வராது என்று சென்னை உயர்நீதிமன்றம் 2021-ல் சொன்னது. மறைந்த பாடகரின் குடும்பம் நிற்கும் தரை இவ்வளவு மெல்லியது. ரஹ்மான் குடும்பங்களிடம் கேட்டு, பணம் கொடுத்ததை எந்தச் சட்டப் பிரிவும் அவர் கையைப் பிடித்துச் செய்யச் சொல்லவில்லை.

டப்பிங், ஆடியோ புத்தகம், ஐவிஆர் குரல் என்று வேலை செய்பவர்கள் இன்றே பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. ஒப்பந்தம் போட்ட காலத்தில் இல்லாத ஊடகத்துக்கோ பயன்பாட்டு முறைக்கோ அந்த ஒப்பந்தம் செல்லாது, அதைக் குறிப்பாக எழுதியிருந்தால் தவிர என்கிறது 18-வது பிரிவு. நிகழ்த்துக் கலைஞர்களுக்கும் இது பொருந்தும். ஏஐ குரல் வணிகமாவதற்கு முன்பே போட்ட பழைய ஒப்பந்தங்களில் இருப்பவர்களுக்கு இது வலுவான பிடி. இப்போது கையெழுத்திடுபவர்களுக்கு அந்தப் பிடி இல்லை, ஏஐ குரல் ஏற்கெனவே சந்தைக்கு வந்துவிட்டது. 'குரல் மாதிரி உருவாக்க', 'பயிற்சிக்குப் பயன்படுத்த' போன்ற சொற்கள் ஒப்பந்தத்தில் எந்தப் பக்கத்தில் வருகின்றன, அவற்றுக்குத் தனிக் கட்டணம் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். அவற்றை அடித்துவிட்டுக் கையெழுத்திடச் சொல்லிக் கேட்கவும் உங்களுக்கு உரிமை உண்டு.