ஐந்தாம் வகுப்பிலிருந்து ஆறாம் வகுப்புக்கு: எங்கள் வாவிக்கரையின் பழைய கதை



புலமைப்பரிசில் ரிசல்ட் வந்த நாளிலிருந்து என் ஃபோனுக்கு இரண்டு வகையான அழைப்புத்தான் வருகிறது. "சேர், பிள்ளை வெட்டுப்புள்ளிக்கு மேல. எந்த ஸ்கூலுக்குப் போடலாம்?" இது ஒன்று. "சேர், பிள்ளைக்குக் கிடைக்கல்ல. இனி என்ன செய்யிற?" இது மற்றது. இரண்டாவது கேள்வியைக் கேட்கிற உம்மாமாரின் குரல், மையத்து வீட்டிலிருந்து பேசுவதுபோல இருக்கிறது.

போன கிழமை ஒரு வாப்பா மகளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். வெட்டுப்புள்ளிக்கு இரண்டு புள்ளி குறைவு. பிள்ளை வாசலிலேயே நின்றது, உள்ளே வரவில்லை. "சேருக்கு முகத்தைக் காட்ட வெட்கப்படுறா" என்றார். பத்து வயதுப் பிள்ளைக்கு வெட்கப்பட என்ன இருக்கிறது? அன்றிரவுதான் இதை எழுத வேண்டும் என்று நினைத்தேன். கொஞ்சம் நீளம். பெற்றோர்கள் பொறுமையாக வாசியுங்கள்.

ஐந்தாம் வகுப்பிலிருந்து ஆறாம் வகுப்புக்குப் போவது இன்று எங்களுக்கு ஒரு பரீட்சையின் பெயர். எங்கள் மூத்த வாப்பாமார் காலத்தில் அது உண்மையிலேயே ஒரு பயணம். வாவியைக் கடந்து போகிற பயணம்.

எழுவான்கரை, படுவான்கரை என்று நாங்கள் சொல்கிறோமே, இரண்டுக்கும் நடுவில் வாவி. ஊர்ப் பள்ளிக்கூடம் தமிழில் கொஞ்ச வகுப்பு வரைதான். அதற்கு மேல் படிக்க வேண்டுமானால் புளியந்தீவுக்குப் போக வேண்டும். 1814இல் வில்லியம் ஓல்ட் பாதிரியார் தொடங்கிய மெதடிஸ்த மத்திய கல்லூரியும், 1873இல் தொடங்கிய புனித மிக்கேல் கல்லூரியும் அங்கேதான். கல்லடிப் பழைய பாலம் கட்டி முடிந்தது 1924இல். அதற்கு முன் காத்தான்குடிப் பிள்ளை டவுனுக்குப் போவதென்றால் தோணிதான். படுவான்கரைப் பிள்ளைக்கு அந்த நிலை மிகப் பிந்தியும் தொடர்ந்தது. மண்முனைப் பாலம் திறந்தது 2014இல். அதுவரை அங்கே 'பாதை'யில் ஏறித்தான் கரை கடந்தார்கள். எங்கள் பக்கத்தில் பாதை என்றால் ரோடு மட்டுமல்ல, வாவியைக் கடக்கிற மிதவையும் பாதைதான். வெளியூர்ப் பிள்ளைகளுக்கு இதை விளக்கினால் சிரிப்பார்கள்.

தூரம் ஒரு பிரச்சினை, காசு இன்னொன்று. சுயமொழிப் பாடசாலையில் கட்டணம் இல்லை, ஆங்கிலப் பாடசாலையில் கட்டணம் உண்டு. அரசாங்க உத்தியோகம் ஆங்கிலம் படித்தவனுக்குத்தான். ஆகவே பத்து, பதினொரு வயதில் யார் ஆங்கிலப் பாடசாலைக்குப் போனாரோ அவர் ஒரு பக்கம், போகாதவர் மறு பக்கம்.

எங்கள் சமூகத்துக்கு மூன்றாவது பிரச்சினையும் இருந்தது, பயம். மிஷன் பாடசாலைக்கு அனுப்பினால் பிள்ளையின் ஈமான் போய்விடுமோ என்ற பயம். அதைக் குறை சொல்ல முடியாது, அந்தக் காலத்தில் அதற்குக் காரணம் இருந்தது. ஆனால் விலையும் இருந்தது. ஓதப்பள்ளியோடு படிப்பு முடிந்து, பிள்ளை வயலுக்கோ தறிக்கோ கடைக்கோ போனது. அறிஞர் சித்திலெப்பை (1838–1898) இதைத்தான் கண்டார். 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கி, மார்க்கமும் ஆங்கிலமும் ஒரே கூரையின் கீழ் படிக்கலாம் என்று எழுதினார். கண்டியில் பெண்பிள்ளைகளுக்கும் பாடசாலை வைத்தார். 1892இல் கொழும்பில் தொடங்கிய மத்ரஸதுல் கைரிய்யதுல் இஸ்லாமிய்யாதான் பிறகு ஸாஹிராக் கல்லூரியானது. ஆனால் அது கொழும்பில். வாவிக்கரைப் பிள்ளைக்கு எட்டாத தூரம்.

இப்போது புலமைப்பரிசிலுக்கு வருவோம். இந்தப் பரீட்சையின் பின்னால் ஒரு மனிதரின் வாழ்க்கை இருக்கிறது. சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கரா 1884இல் பிறந்தவர், தென்பகுதிக் கிராமத்துப் பிள்ளை. அவருடைய கெட்டித்தனத்தைக் கண்ட காலி ரிச்மண்ட் கல்லூரி அதிபர் டாரல் பாதிரியார், உணவும் விடுதியும் சேர்த்துப் புலமைப்பரிசில் கொடுத்து எடுத்துக்கொண்டார். அது கிடைக்காமல் போயிருந்தால் அவர் யாரென்று எங்களுக்குத் தெரிந்திருக்காது.

அந்தப் பிள்ளைதான் 1931 முதல் 1947 வரை நாட்டின் கல்வி அமைச்சராக இருந்தார். அவருடைய குழுவின் அறிக்கை 1943இல் வந்தது. 1945 ஒக்டோபர் 1 முதல் இலவசக் கல்வி. கூடவே கிராமப் பகுதிகளில் மத்திய பாடசாலைகள், அப்போதே ஐம்பதுக்கும் மேல். டவுன் கல்லூரியில் இருக்கிற ஆய்வுகூடம், நூலகம், விளையாட்டு மைதானம், விடுதி எல்லாம் கிராமத்துக்கு வர வேண்டும் என்பது நோக்கம். எங்கள் பக்கத்தில் வந்தாறுமூலை மத்திய கல்லூரி அப்படி வந்ததுதான். 1981 ஓகஸ்ட்டில் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியதும் அந்தக் கட்டடங்களில்தான். இன்றைய கிழக்குப் பல்கலைக்கழகத்தின் அடி அது.

மத்திய பாடசாலை வந்தால் போதுமா? தூரத்துக் கிராமத்து ஏழைப் பிள்ளை அங்கே எப்படிப் போகும்? யார் சாப்பாடு போடுவது? அதற்காகத்தான் ஐந்தாம் வகுப்பில் ஒரு பரீட்சை வைத்தார்கள். கெட்டிக்கார ஏழைப் பிள்ளையைக் கண்டுபிடித்து, விடுதியில் வைத்து, அரசாங்கச் செலவில் படிப்பிக்க. பெயரைப் பாருங்கள்: புலமைப்பரிசில். அது ஒரு உதவியின் பெயர். கரை கடக்க வழியில்லாத பிள்ளைக்கு அரசாங்கம் அனுப்பிய 'பாதை' அது.

இன்னொருவரையும் இங்கே நினைக்க வேண்டும், ஏ.எம்.ஏ. அஸீஸ். இலங்கை சிவில் சேவையில் சேர்ந்த முதல் முஸ்லிம். யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். 1942இல், உலகப் போர்க் காலத்தில், உதவி அரசாங்க அதிபராகக் கல்முனைக்கு வந்தார். வந்த வேலை உணவு உற்பத்தி, நெல். ஆனால் இங்கே கண்ட கல்வி நிலை அவரை விடவில்லை. கல்முனையில் முஸ்லிம் கல்விச் சங்கத்தைத் தொடக்கினார். அந்த எண்ணம் வளர்ந்து 1945இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியானது. அதன் வேலை ஒன்றுதான்: காசில்லாத காரணத்தால் ஒரு பிள்ளையின் படிப்பு நிற்கக் கூடாது.

கல்முனைக் காலத்தில் அஸீஸுக்குச் சுவாமி விபுலாநந்தரோடு நெருங்கிய தொடர்பு இருந்தது. சுவாமியும் இதே பயணம் போனவர். காரைதீவு மயில்வாகனம், கல்முனையில் படித்து, பிறகு மட்டக்களப்பு டவுனில் படித்து, 1908இல் கேம்பிரிட்ஜ் சீனியர் பாஸ் பண்ணினார். தான் கடந்த வாவியை மற்றப் பிள்ளைகளும் கடக்க வேண்டும் என்றுதான் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தைத் தொடங்கினார், 1929இல். ஒரு முஸ்லிம் அதிகாரியும் ஒரு இந்துத் துறவியும் இந்த மண்ணில் இருந்து பிள்ளைகளின் படிப்பைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். இதை எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

பிறகு என்ன நடந்தது?

1960–61இல் உதவி பெறும் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றது. முஸ்லிம் பாடசாலைகள் ஊருக்கு ஊர் வளர்ந்தன. 1980இல் இலவசப் பாடநூல் வந்தது. ஏறாவூரோ காத்தான்குடியோ ஓட்டமாவடியோ, இன்று ஆறாம் வகுப்புக்காக எந்தப் பிள்ளையும் தோணி ஏறத் தேவையில்லை. சைக்கிளில் போகிற தூரத்தில் பாடசாலை இருக்கிறது. ஆனால் பரீட்சை நின்றதா? இல்லை, பெருத்தது. இன்று நாடு முழுவதும் ஒவ்வொரு வருஷமும் மூன்று லட்சத்தைத் தொடும் அளவில் பிள்ளைகள் எழுதுகிறார்கள். வருமானம் குறைந்த பிள்ளைக்கு உதவிப்பணம் என்ற பழைய நோக்கம் ஒரு மூலையில் இருக்கிறது. மற்றதெல்லாம் பிரபல பாடசாலைக்கான போட்டி. மூன்றாம் வகுப்பிலேயே ரியூசன். ரிசல்ட் வந்தால் சந்தியில் பனர். பனரில் பதினைந்து முகம். அந்த வகுப்பில் படித்த மற்ற முப்பது முகம் எங்கே?

ஏழையை ஏற்ற வந்த பாதையில் இன்று ரியூசனுக்குக் காசுள்ளவர் முதலில் ஏறுகிறார். கன்னங்கரா இதைக் கண்டால் என்ன சொல்வாரோ தெரியாது.

இன்னொரு உண்மையையும் ஆசிரியராகச் சொல்கிறேன். நான் பல வருஷமாக ஆறாம் வகுப்புக்குப் படிப்பிக்கிறேன். முதலாம் தவணையில் தடுமாறுகிற பிள்ளைகளில் நூற்றி அறுபது எடுத்த பிள்ளையும் இருக்கும், நூறு எடுத்த பிள்ளையும் இருக்கும். காரணம், ஆறாம் வகுப்பு வேறு உலகம். ஐந்து வரை ஒரு டீச்சர். பிள்ளை சாப்பிட்டதா இல்லையா என்பதுகூட அவருக்குத் தெரியும். ஆறில் நாற்பது நிமிஷத்துக்கு ஒரு சேர். 'சுற்றாடல்' என்று ஒரே பாடமாகப் படித்தது விஞ்ஞானம், வரலாறு, புவியியல், குடியுரிமைக் கல்வி, சுகாதாரம் என்று பிரிந்து நிற்கும். மொத்தம் பத்துக்கும் மேற்பட்ட பாடங்கள். இரண்டு வருஷம் ஒரு சொல் விடையும் புள்ளடியும் போட்டுப் பழகிய கை, இப்போது ஒரு பந்தி எழுத வேண்டும். போன வருஷம் ஒரு பிள்ளை எல்லாப் பாடத்தையும் ஒரே கொப்பியில் எழுதிக்கொண்டிருந்ததை மூன்றாவது கிழமைதான் கண்டேன். கேட்டால், "எந்தக் கொப்பி எந்த சேருக்கு என்று தெரியல்ல சேர்" என்றது. அந்தப் பிள்ளை புலமைப்பரிசில் பாஸ்.

என் கதையையும் சொல்கிறேன். 1990இல் எனக்குப் பத்து வயது. அந்த ஓகஸ்ட்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும் ஏறாவூரிலும் நடந்ததை இங்கே எழுதத் தேவையில்லை. அடுத்த வருஷம் ஆறாம் வகுப்பில் என்னோடு இருந்தவர்களில் வாப்பா இல்லாத பிள்ளைகள் இருந்தார்கள். அந்த முதல் நாள் வகுப்பாசிரியர் யாரிடமும் புள்ளி கேட்கவில்லை. ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு, பதில் வரும்வரை நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு பெயருக்குப் பதில் வரவில்லை. அன்று பின்னேரமே அந்த இரண்டு வீட்டுக்கும் சைக்கிளில் போனார். அடுத்த கிழமை இருவரும் வந்தார்கள். அதில் ஒருவர் இன்று என்னைப்போல ஒரு ஆசிரியர்.

ஆகவே பெற்றோர்களே, கிடைத்த பிள்ளைக்கும் கிடைக்காத பிள்ளைக்கும் சேர்த்துச் சில விஷயம்:

1. ரிசல்ட் பேச்சை இன்றோடு நிறுத்துங்கள். சாச்சி மகளோடு ஒப்பிடாதீர்கள். கிடைத்த பிள்ளையையும் தூக்கி வைக்காதீர்கள், ஆறாம் வகுப்பில் அது விழும்போது வலிக்கும்.

2. பாடசாலை தொடங்க முன் ஒருநாள் பிள்ளையைப் புதிய பாடசாலைக்குக் கூட்டிப் போங்கள். வகுப்பு, குழாய், கழிவறை எங்கே என்று தெரிந்தாலே பாதிப் பயம் போகும்.

3. முதல் கிழமையே நேரசூசியைச் சுவரில் ஒட்டுங்கள். இரவில் பிள்ளையே பேக்கை அடுக்கட்டும். உம்மா பக்கத்தில் இருந்தால் போதும்.

4. ஒருநாளைக்கு பத்து வரி சொந்தமாக எழுத வையுங்கள். இன்று என்ன நடந்தது என்று எழுதினால் போதும்.

5. பெண்பிள்ளைகளின் உம்மாமாருக்கு: இது உடல் மாறுகிற வயது. முன்கூட்டியே பேசி வையுங்கள். அதற்காகக் கிழமைக்கணக்கில் பாடசாலையை நிறுத்தாதீர்கள்.

6. ஹிப்ழு மத்ரஸாவுக்கு அனுப்ப நினைப்பவர்கள் தாராளமாக அனுப்புங்கள், அல்லாஹ் கபூல் செய்யட்டும். ஆனால் பாடசாலைக் கல்வியும் தொடர்கிற இடமா என்று பாருங்கள். 16 வயதுவரை கல்வி கட்டாயம் என்பது 2016 முதல் நாட்டுச் சட்டம். சித்திலெப்பை சொன்னதும் இரண்டும் சேர்ந்த கல்வியைத்தான்.

7. பள்ளிவாசல் நிர்வாகங்களுக்கும் பழைய மாணவர் சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள்: பனருக்குச் செலவழிக்கிற காசில் ஆறாம் வகுப்புக்குப் போகிற ஏழைப் பிள்ளைகளுக்குக் கொப்பியும் சப்பாத்தும் வாங்கிக் கொடுங்கள். அஸீஸ் இங்கே தொடக்கி வைத்த வேலை அதுதான்.

அந்த மகள் கடைசியில் உள்ளே வந்து இருந்தாள். தேத்தண்ணி குடித்தாள். "ஆறாம் வகுப்புல நீங்களா சேர் வருவீங்க?" என்று கேட்டாள். இன்ஷா அல்லாஹ் என்றேன். முதல் நாள் பெயர் கூப்பிடும்போது அவளுடைய பதிலை நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன்.

எல்லாப் பிள்ளைகளுக்கும் அல்லாஹ் பயனுள்ள கல்வியைத் தரட்டும். உங்கள் ஆறாம் வகுப்பு முதல் நாள் எப்படி இருந்தது என்று கொமெண்டில் எழுதுங்கள். பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுவேன்.