தவறான விடையிலிருந்து பிறந்த ஆராய்ச்சி

வகுப்பில் ஒரு மாணவன் தவறான விடை கூறினால், ‘இவனுக்கு விஞ்ஞானம் வராது’ என்று தீர்ப்புச் சொல்லிவிடுவது எளிது. அத்தீர்ப்பைக் கேட்டே படிப்பை விட்டவர் நம்மிடையே பலர். அத்தகைய தவறான விடைகளையே ஆராய்ச்சிப் பொருளாக ஏற்ற ஒரு பெண்மணியின் வரலாற்றை நம் இளைஞர்கள் அறிந்திருத்தல் வேண்டும்.

லில்லியன் மெக்டெர்மட் அம்மையார் 1931ஆம் ஆண்டு நியூயார்க் நகரில், கிரேக்க நாட்டிலிருந்து குடியேறிய குடும்பத்தில் பிறந்தார். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அணுக்கரு இயற்பியலில் ஆய்வு செய்து 1959இல் டாக்டர் பட்டம் பெற்றார். அவருடைய கணவர் சியாட்டில் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் ஆசிரியரானார். ஒரே குடும்பத்தினர் இருவரை ஒரு நிறுவனத்தில் நியமிக்கலாகாது என்ற அக்கால விதி, அங்கே அம்மையாருக்குக் கதவை அடைத்தது. தகுதி இருந்தும் இடம் இல்லை.

1960களின் இறுதியில் அப்பல்கலைக்கழகத்திற்கு வந்த ஆர்னால்டு ஆரன்ஸ் என்னும் பேராசிரியர், தொடக்கப்பள்ளி ஆசிரியராகப் போகின்றவர்களுக்கு ஓர் இயற்பியல் வகுப்பைத் தொடங்கினார். அம்மையார் அதில் துணைநின்றார். விரிவுரைக்குப் பதிலாகக் கருவிகளைக் கையில் கொடுத்து, வினாக்களால் சிந்திக்க வைப்பது அவ்வகுப்பின் முறை. மாணவர் மனத்தில் நிகழ்வது என்ன என்ற கேள்வி அங்கேதான் அம்மையாரைப் பற்றியது. அணுக்கருவை ஆராய்ந்தவர், கற்போர் அறிவை ஆராயத் தொடங்கினார்.

டேவிட் டிரோபிரிட்ஜ் என்ற மாணவருடன் அவர் செய்த ஓர் ஆய்வு 1980இல் வெளிவந்தது. அடுத்தடுத்த தடங்களில் இரண்டு உருண்டைகள் ஓடும். ஒன்றன் வேகம் மாறாது. மற்றொன்றன் வேகம் குறைந்துகொண்டே வரும். ‘இரண்டின் வேகமும் எப்போது சமம்?’ என்று கேட்டனர். ஒன்றையொன்று கடக்கும் கணத்தில் என்றனர் கல்லூரி மாணவர் பலர். மாட்டு வண்டியைத் தாண்டும் சைக்கிள் ஒரு கணம் வண்டிக்கு இணையாக நிற்கிறது; ஆனால் வேகம் சமமா? இடத்தையும் வேகத்தையும் ஒன்றாக எண்ணியதே பிழை. அது அறிவின்மையன்று, அறிந்து திருத்தத்தக்க குழப்பம்.

அதே காலத்தில் விஞ்ஞானம் பயில விரும்பிய சிறுபான்மை இன மாணவர்களுக்கெனத் தனிப் பாடத்திட்டமும் அம்மையார் குழுவினர் வகுத்தனர். குறை மாணவரின் பிறப்பில் இல்லை, அவர்களுக்குக் கிடைத்த கல்வியில் உள்ளது என்பதே அதன் அடிப்படை.

கதவடைத்த அப்பல்கலைக்கழகத்திலேயே அவர் பேராசிரியரானார். இயற்பியல் கல்வி ஆராய்ச்சியை இயற்பியல் துறைக்குள்ளேயே டாக்டர் பட்டத்திற்குரிய பொருளாக நிலைநாட்டினார். 2001இல் ஓர்ஸ்டெட் பதக்கம் பெற்றார். 2020இல் மறைந்தார்.

பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் இளைஞர்களே! விடை தவறினால் பிள்ளையை ஒதுக்காதீர்கள். ‘ஏன் அவ்வாறு நினைத்தாய்?’ என்று கேளுங்கள். நம்மில் பலரை அன்று எவரும் அவ்வாறு கேட்கவில்லை.