ஆண்டறிக்கையின் முன்னிலையார்: மைசூர்ச் சபையும் 1858ஆம் ஆண்டுச் சட்டமும்

அரசுகள் ஆண்டுதோறும் வெளியிடும் முன்னேற்ற அறிக்கைகளை வாசிப்போர் பெரும்பாலும் எண்களையே கவனிக்கின்றனர்: எத்தனை மைல் சாலை, எத்தனை ஏரிகளில் மராமத்து, எத்தனை பள்ளிகள். அவ்வறிக்கை யாரை முன்னிலையாகக் கொண்டு எழுதப்பட்டது என்னும் கேள்வி அரிதாகவே எழுகிறது. அக்கேள்வியுடன் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியை அணுகினால், இந்தியாவில் ஒரே காலத்தில் இருவேறு மரபுகள் நிலவியமை புலப்படும்.

ஒன்று லண்டனை நோக்கியது. கம்பெனி ஆட்சியை முடிவுக்குக் கொண்டுவந்த 1858ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டம், தன் 53ஆம் பிரிவில், இந்தியாவின் 'ஒழுக்க, பொருள் முன்னேற்ற'த்தைக் காட்டும் அறிக்கை ஆண்டுதோறும் பிரிட்டிஷ் பாராளுமன்றத்தின்முன் வைக்கப்பட வேண்டுமென விதித்தது. மாகாணங்களின் நிர்வாக அறிக்கைகள் அதற்கு மூலப்பொருளாயின. ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டு நீடித்த அவ்வரிசையில் இந்தியர் படர்க்கையில் மட்டுமே இடம்பெறுகின்றனர். அவர்களைப் பற்றிப் பேசப்படுகிறது, அவர்களிடம் பேசப்படவில்லை.

எனினும் அழைக்கப்படாத வாசகர் ஒருவர் அவற்றை ஊன்றிப் படித்தார். தாதாபாய் நௌரோஜி 1876இல் முன்வைத்த 'இந்தியாவின் வறுமை' குறித்த ஆய்வு, அந்த நிர்வாக அறிக்கைகளின் எண்களைக் கொண்டே கட்டப்பட்டது. அறிக்கைகள் சராசரி காணும் முறையையே அவர் கேள்விக்குள்ளாக்கினார். ஒரு மாவட்டத்தில் 1,00,000 ஏக்கரில் ஏக்கருக்கு 10 மூட்டையும், மற்றொன்றில் 1,000 ஏக்கரில் ஏக்கருக்கு 30 மூட்டையும் விளைவதாகக் கொள்வோம். இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் 20 வரும். உண்மையான சராசரியோ 10ஐச் சற்றே தாண்டும். இத்தகைய பிழை அதிகாரிகளின் கணக்குகளில் மலிந்திருந்ததை அவர் சுட்டிக்காட்டினார். 1867-68ஆம் ஆண்டுக்கு அவர் கணித்த தலைக்குரிய வருமானம் வெறும் 20 ரூபாய். முன்னேற்றத்தைப் பறைசாற்ற அச்சிடப்பட்ட ஏடுகளே வறுமைக்குச் சான்றாயின.

மற்றொரு மரபு மைசூரில் தோன்றியது. ஐம்பதாண்டு ஆங்கிலேய நேரடி நிர்வாகத்திற்குப் பின் 1881 மார்ச்சில் சமஸ்தானம் உடையார் மரபிடம் திரும்பியபோது, 1876-78 பஞ்சத்தின் வடு ஆறவில்லை. 1871இல் 50 லட்சத்தைத் தாண்டியிருந்த மக்கள்தொகை 1881இல் 42 லட்சத்திற்கும் கீழே சரிந்திருந்தது. பஞ்சகாலக் கடன் 80 லட்சம் ரூபாய். இந்நிலையில் திவான் ரங்காசார்லு, கடந்த ஆண்டின் நிர்வாக விளைவுகளையும் வரும் ஆண்டின் திட்டங்களையும் குடிகளின் பிரதிநிதிகள்முன் வைப்பதென்னும் ஏற்பாட்டைத் தொடங்கினார். 1881 அக்டோபர் 7 அன்று, தசராவையொட்டி, 144 பேர் மைசூரில் கூடினர். தாலுகாக்களின் நிலவுடைமையாளரும் மாவட்டங்களின் வணிகரும் அவர்களுள் அடங்குவர்.

திவானின் உரை சபையோரை விளித்துத் தொடங்கியது. அதே செய்தி, அதே வகை எண்கள். ஆனால் கேட்போர் எதிரே அமர்ந்திருந்தனர். தம் ஊர் ஏரியின் மதகு உடைந்து கிடப்பதை அறிந்தவர், பாசன வேலைகளின் மொத்தச் செலவைக் கேட்டு வாளாவிருப்பாரா? உரை முடிந்தபின் சாலை, ஏரி, பள்ளி, காட்டு விதிகள் எனக் குறைகள் அடுக்கப்பட்டன. (உரையாற்றிய முதல் இரு திவான்களும், செங்கல்பட்டுப் பகுதியினரான ரங்காசார்லுவும் பாலக்காட்டைச் சேர்ந்த சேஷாத்ரி ஐயரும், சென்னை மாகாணத்திலிருந்து வந்தவர்கள். 'மைசூர் மைசூராருக்கே' என்னும் முழக்கம் வலுப்பெற்றதற்கு இத்தகைய நியமனங்களும் காரணம்.)

இதை மக்களாட்சியின் விடியலாகக் கொண்டாடுவது மிகை. சபைக்கு வாக்களிக்கும் அதிகாரம் இல்லை. தேர்தல் முறையே 1891இல்தான் வந்தது, அதுவும் சொத்துடையோருக்கு. முன்னுரிமைகளை வகுத்ததும் சபையன்று. காவிரியின் சிவசமுத்திரத்தில் உற்பத்தியான மின்சாரம் 1902இல் முதலில் சென்றது கோலார் தங்கச் சுரங்கங்களுக்கு. பெங்களூரின் தெருவிளக்குகள் 1905 வரை காத்திருந்தன. சபையில் ஏரி மராமத்துக் கோரியவர்களுக்கு இந்த வரிசை என்ன சொல்லியிருக்கும் என்பதை ஊகிப்பது கடினமன்று.

ஆயினும் ஆண்டுதோறும் முகத்துக்கு முகம் கணக்குச் சொல்லும் வழக்கம், சொல்பவர் எதிர்பாராத ஒரு பழக்கத்தைக் கேட்பவரிடம் வளர்த்தது. கணக்கைக் கேட்டவர்கள் அதன்மீது உரிமையும் கோரலாயினர். 1923ஆம் ஆண்டுச் சட்டம் சபைக்குச் சட்ட அங்கீகாரம் அளித்தது. புதிய வரிகள் குறித்துச் சபையின் கருத்தைக் கேட்பதும் வரவுசெலவுத் திட்டத்தின்மீது விவாதமும் உறுதிசெய்யப்பட்டன. பெண்களுக்கு இருந்த தடையும் நீங்கியது. திவானை அமர்த்துவதும் அகற்றுவதும் மட்டும் அரண்மனையிடமே நின்றன. 1947 செப்டம்பரில் 'மைசூர் சலோ' கிளர்ச்சி எழுந்தபோது முன்வைக்கப்பட்ட கோரிக்கை, மக்களுக்குப் பொறுப்புடைய அரசு. அக்டோபரில் கே. சி. ரெட்டி தலைமையில் அமைச்சரவை பதவியேற்றது.