கரியால் எழுதிய மடல்

சாம்பல் புதன் மாலையில் அம்பத்தூர்ப் பக்கத்து ஆலயங்களில் நிகழும் திருப்பலிக்கு ஒரு தனிச் சாயல் உண்டு. தொழிற்பேட்டையில் வேலை முடிந்து, ஒருசந்தியின் களைப்போடு நேரே வந்து வரிசையில் நிற்போர் பலர். விரல் இடுக்குகளில் இயந்திர எண்ணெயின் கருமை. நெற்றியில் சாம்பலின் கருமை. ஆவடியிலும் பூவிருந்தவல்லியிலும் இதே காட்சிதான். சில ஆண்டுகளுக்கு முன்பு அத்தகைய திருப்பலி ஒன்று முடிந்து வெளியே வருகையில் அன்பர் ஒருவர் நம்மை நிறுத்தினார். இராமநாதபுரம் மாவட்டத்தில் பிறந்து, பிழைப்பு நாடி இங்கே வந்து குடியேறியவர். அவர் பணிபுரிந்த பட்டறை மூடப்பட்டு அப்போது ஏழு மாதங்கள் ஆகியிருந்தன.

"கஷ்டமான பாதையில் போகிறவனுக்கு ஆண்டவர் ஆறுதல் தருவார் என்று சாமி பிரசங்கத்தில் சொன்னாரே ஐயா, அந்த ஆறுதல் எப்படித்தான் வரும்? பாதையை மாற்றுவாரா, இல்லை, சீக்கிரம் முடித்து வைப்பாரா?" என்று கேட்டார்.

நம்மிடம் ஆயத்தமான விடை இல்லை. அவருடைய சொந்த மாவட்டத்தின் புனிதர் ஒருவரே நினைவுக்கு வந்தார்.

புனித அருளானந்தரின் திருநாள் பிப்ரவரி 4 என்பதை நாம் அறிவோம். அவர் ஓரியூரில் தலை வெட்டுண்ட 1693ஆம் ஆண்டின் பிப்ரவரி 4 சாம்பல் புதனாகவும் இருந்தது என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்த்ததில்லை. அவ்வாண்டு உயிர்ப்புப் பெருவிழா மார்ச் 22இல் வந்தது. திருச்சபையின் நாட்கணக்குப்படி அதற்கு முன்பாக அவ்விழா வருவதற்கில்லை. தவக்காலமும் பிப்ரவரி 4க்கு முன்பாகத் தொடங்குவதற்கில்லை. அதன்பின் 1761, 1818 ஆகிய ஆண்டுகளில் மட்டுமே இப்பொருத்தம் மீண்டும் நேர்ந்தது. இனி 2285இல்தான் நேரும்.

லிஸ்பன் நகரில் 1647 மார்ச் முதல் நாளில் பிறந்தவர் ஜான் டி பிரிட்டோ. அரண்மனையில் இளவரசர் பேதுருவின் தோழராக வளர்ந்து, 1662இல் இயேசு சபை புகுந்து, 1673இல் குருப்பட்டம் பெற்றுக் கப்பலேறினார். மதுரை மறைத்தளத்தில் அவர் பண்டாரசாமியாக வாழ்ந்தார். காவியுடை, புலால் மறுத்த உணவு, தரையில் படுக்கை, ஓயாத கால்நடை. நமக்கு நாற்பது நாள் தவக்காலம்; அவருக்கோ அது ஆண்டு முழுவதும் நீண்டது. ஜான் என்னும் எபிரேயப் பெயர் ஆண்டவரின் அருளைக் குறிப்பது. அதனைத் தமிழாக்கியவர்கள் அருளோடு ஆனந்தத்தையும் சேர்த்துவிட்டார்கள். மூலத்தில் இல்லாத அந்தப் பாதிப் பெயர் அவருக்கு எவ்வளவு பொருந்தியது என்பதை அவருடைய இறுதி நாள்களில் காண்கிறோம்.

முதல் சோதனை 1686இல் வந்தது. மறவர் நாட்டில் அவரும் உடனிருந்த வேதியர்களும் பிடிபட்டனர். அவரைக் கட்டித் தொங்கவிட்டு நீரில் அமிழ்த்தினார்கள்; வெயிலில் கொதிக்கும் கரடுமுரடான பாறையில் கிடத்தி மேலே ஏறி மிதித்தார்கள். சாவுக்குத் தீர்ப்பிட்ட பிறகு, மறவர் நாட்டு மன்னர் கிழவன் சேதுபதி அவரை இராமநாதபுரத்துக்கு வரவழைத்தார். மறையின் போதனை யாதெனக் கேட்டார். இனி இந்நாட்டில் போதிக்கலாகாது என்று விதித்து விடுவித்தார். நம் அன்பர் கேட்டது போலவே, இங்கே பாதை மாறியது. பிரசங்கங்கள் சிலவற்றில் சேதுபதி வெறும் கொடுங்கோலராக வருவார். 1686இல் நடந்ததை அறிந்தவர்கள் அவ்வாறு சொல்லத் தயங்குவார்கள்.

அடுத்த ஆண்டே மறைத்தளத்தின் பொருட்டு அவர் ஐரோப்பா அனுப்பப்பட்டார். லிஸ்பனில் விளையாட்டுத் தோழர் இப்போது அரசர். அரசர் அவரைத் தம்மிடமே நிறுத்திக்கொள்ள விழைந்தார். தம் மகனுக்கு ஆசிரியராக்க எண்ணினார். உடலில் வடுக்களோடு திரும்பிய ஒருவர் அவ்வேண்டுகோளை ஏற்றிருந்தால் எவரும் குறை கூறியிரார். இதைவிட இனிய ஆறுதலை ஓர் அரசரால் தர இயலாது. அருளானந்தரோ அந்நகரிலும் தரையிலேயே படுத்து, காய்கறி உணவையே உண்டு, 1690இல் மீண்டும் கப்பலேறினார். பாறையின் சூட்டை முதுகால் அறிந்த மனிதர் அவர். துன்பம் தெரியாதவராகச் சிலர் அவரைச் சித்திரிப்பதை நாம் ஏற்பதற்கில்லை. அறிந்தே திரும்பினார்.

மறவர் நாட்டு அரசுரிமைக்கு உரியவராகக் கருதப்பட்ட தடியத்தேவர் நோயுற்றுத் தேறிய பின் திருமுழுக்கை நாடினார். ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் ஒருவர் சேதுபதியின் உறவுப் பெண். அவருடைய கண்ணீரை நாம் எளிதாகக் கடந்துவிடலாகாது. குற்றம் ஏதும் செய்யாமல் வீடிழந்தவர் அவர். அரண்மனையின் குடும்பத் துயரும் அரசுரிமைப் பூசலும் மறைப் பகையும் ஒன்றாய்க் கலந்தன. 1693 சனவரி 8இல் அருளானந்தர் சிறைப்பட்டார். இராமநாதபுரத்தில் சில வாரம் காவலில் வைத்தபின், மாதக் கடைசியில் வடக்கே ஓரியூருக்கு நடத்திச் சென்றார்கள். அங்கே அதிகாரம் செலுத்தியவர் சேதுபதியின் உடன்பிறந்தவர்.

பிப்ரவரி 3ஆம் நாள் சிறையில் அவர் மடல் எழுதினார். மை இல்லை, கரியை நீரில் குழைத்துக்கொண்டார். எழுதுகோலும் இல்லை, ஒரு துரும்பு கிடைத்தது. சாவை எதிர்நோக்கியிருப்பதாகவும், நெடுநாளாகத் தம் மன்றாட்டின் பொருளே அதுதான் என்றும், இறைவனின் சட்டத்தைப் போதித்ததே தம்மீது சாட்டப்பட்ட குற்றம் என்றும், அதனால் உள்ளம் மகிழ்வதாகவும் அம்மடல் சொல்கிறது. 1686இல் சாவினின்று தப்பியவர் எழுதியதன்று இது. தப்பும் வழியில்லாதவர் எழுதியது. மறுநாள் உலகெங்கும் கத்தோலிக்கர் நெற்றியில் சாம்பல் ஏற்க இருந்தார்கள். ஓரியூரில் அதை இட்டுவிட ஒரு குருவும் இல்லை. முந்தின நாளே கரி அவருடைய விரல்களில் ஏறியிருந்தது.

புதனன்று பாம்பாற்றங்கரை மணல்மேட்டில் அவர் தலை வெட்டப்பட்டது. கைகால்களையும் துணித்து உடலைக் கழுவில் ஏற்றினார்கள்.

அம்மடல் யாருக்குச் சென்றது என்பதில் நம் பகுதியினர்க்கு ஓர் உரிமை இருக்கிறது. மறைத்தளத்தின் தலைவராயிருந்த பிரான்சிஸ் லாயினெஸ் அடிகளார்க்கு அவர் எழுதினார். தம் சபைத் தோழரின் சாவை ஒரு வாரத்துக்குள் மற்றத் தந்தையர்க்கு எழுதித் தெரிவித்தவரும் அவரே. அந்த லாயினெஸ் 1708இல் மயிலை ஆயரானார். 1715இல் வங்கத்தில் காலமானார். அம்பத்தூரும் ஆவடியும் பூவிருந்தவல்லியும் அடங்கிய சென்னை மயிலை உயர்மறைமாவட்டம் 1952இல் இரு மறைமாவட்டங்களை இணைத்து உருவானது. அவற்றில் ஒன்றின் ஆயர் இருக்கையில் அமர்ந்தவர் அந்தக் கரியெழுத்தை வாசித்தவர். எத்தனை தவக்காலங்களில் அவர் அதை நினைத்திருப்பார்!

1853இல் அருளாளர் பட்டமும் 1947 சூன் 22இல் புனிதர் பட்டமும் அருளானந்தர்க்கு வழங்கப்பட்டன. ஓரியூரின் செம்மணலைப் பயணிகள் இன்றும் அள்ளிச் செல்கிறார்கள்.

இதையெல்லாம் அந்த அன்பரிடம் அன்று ஒழுங்காகச் சொன்னோம் என்பதற்கில்லை. பேருந்து நிறுத்தம்வரை நடந்தபடியே துண்டு துண்டாகச் சொன்னோம். தப்பித்த ஆண்டில் எழுதாமல் தப்பாத ஆண்டில் அப்படி எழுதினாரே என்று சொன்னபோது மட்டும் அவர் நின்றார். சிறுவயதில் தாயாரோடு ஓரியூருக்கு நடந்து போனதாகவும், தாயார் முந்தானையில் முடிந்து வந்த மணல் இன்னும் ஒரு சிறு டப்பாவில் அம்பத்தூர் வீட்டில் இருப்பதாகவும் கூறினார். "திறந்து பார்த்தே வெகுநாள் ஆகிறது ஐயா" என்றார்.

பேருந்து வந்தது. ஏறி, சன்னலோரம் அமர்ந்து, நெற்றிச் சாம்பல் கலையாமல் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.