ஒரு மூட்டை கோதுமையும் ஒரு கல்வெட்டும்

இங்கிலாந்துல வில்ட்ஷயர் பக்கம் டிவைசஸ்னு ஒரு சந்தை ஊர். ஸ்விண்டன்ல இருக்கிற மக வீட்டுக்குப் போனப்போ, "வியாழக்கிழமையா பாத்து கூட்டிட்டுப் போம்மா"ன்னு கேட்டு வாங்கிப் போனேன். இன்னைக்கும் அங்க வியாழக்கிழமைதான் சந்தை. கோட்டையைச் சுத்தி வளர்ந்த ஊர். பேருக்கு லத்தீன்ல 'எல்லைகள்'னு அர்த்தமாம். 1857ல கட்டின தானிய மாளிகையோட உச்சியில சீரீஸ் நிக்கிறா, ரோமானியர்களோட விளைச்சல் தெய்வம்.

ஆனா என்னை நிறுத்தி வச்சது சந்தைத் திடல் நடுவுல கோபுரம் மாதிரி நிக்கிற கல்தூண். 1814ல சிட்மவுத் பிரபு ஊருக்குக் கொடுத்தது. ஒரு பக்கம் அவர் புகழ். இன்னொரு பக்கம் ரூத் பியர்ஸ்ங்கிற பொம்பளையோட கதை.

1753 ஜனவரி 25, வியாழக்கிழமை. பக்கத்து ஊரான பாட்டர்ன்ல இருந்து வந்த ரூத், இன்னும் மூணு பொம்பளைங்களோட கூட்டு சேர்ந்து ஒரு மூட்டை கோதுமை வாங்குறா. காசு வசூல் பண்ணும்போது கணக்கு குறையுது. ரூத்தைக் கேக்குறாங்க. "என் பங்கைக் கொடுத்துட்டேன், இல்லேன்னா நான் இங்கயே செத்து விழணும்"னு சத்தியம் பண்றா. மறுபடியும் அதையே சொல்றா. சொன்ன உடனே விழுந்து செத்துப் போறா. மூடின கைக்குள்ள அந்தக் காசு இருந்துச்சாம். பொய் சொல்றவங்களுக்கு எச்சரிக்கைன்னு ஊர் நிர்வாகம் அதைக் கல்லுல வெட்டி வச்சிருக்கு.

கூட்டு சேர்ந்து மூட்டை பிரிக்கிறது எனக்குத் தெரிஞ்ச விஷயம். முழு மூட்டை வாங்க வக்கில்லாதவங்கதான் அப்படி வாங்குவாங்க. அந்த ஊர் மூட்டை வழக்கமா நாலு புஷல்; ஆளுக்கு ஒரு புஷல், சுமார் 27 கிலோ. ஜனவரி மாசம், நல்ல குளிர். அடுத்த கோதுமை அறுப்புக்கு ஆகஸ்ட் வரணும். அந்தச் சில்லறையை அவ ஏன் கைக்குள்ள இறுக்கிப் பிடிச்சான்னு கல்வெட்டு கேக்கல. பொய் சொன்னா, சரி. ஆனா அதுக்கு இரண்டரை நூற்றாண்டு தாண்டியும் சந்தை நடுவுல பேர் நிக்கணுமா?

மறுபக்கத்துக்காரரைப் பாருங்க. சிட்மவுத் 1801 முதல் 1804 வரை பிரதமர், 1812ல இருந்து உள்துறை அமைச்சர். தூண் வச்ச அடுத்த வருஷம், 1815ல, அவர் இருந்த அமைச்சரவை தானியச் சட்டம் கொண்டு வந்துச்சு. உள்நாட்டுக் கோதுமை குவார்ட்டருக்கு 80 ஷில்லிங் தொடுற வரைக்கும் வெளிநாட்டுக் கோதுமை விக்கக் கூடாது. குவார்ட்டர்னா எட்டு புஷல், ரூத் வாங்கின மாதிரி ரெண்டு மூட்டை. நானும் விவசாயிதான், விளைபொருளுக்கு விலை வேணும்னு கேக்கிறவன்தான். ஆனா அந்தச் சட்டத்தோட லாபம் பெரும்பாலும் நிலச்சுவான்தார் வாரத்துக்குத்தான் போச்சு. கூலிக்காரன் ரொட்டி விலை ஏறுச்சு. சட்டத்தை ரத்து பண்ண 1846 ஆச்சு. அதைப் பத்தி அந்தத் தூண்ல ஒரு வரி கிடையாது.

ஊர் ஜனங்களுக்கு வேற ஒரு கதை இருக்கு. அதைக் கொஞ்ச தூரத்துல இருக்கிற கிராமர் குளத்துக்கரையில நின்னு கேக்கணும். வரி கட்டாம கடத்தின பிராந்திப் பீப்பாயைக் குளத்துல ஒளிச்சு வச்சு, ராத்திரி வாரியால இழுத்துட்டு இருந்தாங்களாம். வரி அதிகாரிங்க வந்துட்டாங்க. தண்ணியில தெரிஞ்ச நிலாவைக் காட்டி, "பாலாடைக்கட்டி ஒண்ணு கிடக்கு சாமி, அதான் எடுக்கிறோம்"னாங்களாம். பட்டிக்காட்டு மடையனுங்கன்னு சிரிச்சுட்டு அதிகாரிங்க குதிரையைத் திருப்பிட்டாங்க. வில்ட்ஷயர்ல வேற ஊர்களும் இது எங்க குளம்தான்னு சண்டைக்கு வரும். நிலா வாரிங்கன்னு அந்த மாவட்டத்துக்காரங்களுக்கே பேர் விழுந்துடுச்சு. அதை அவங்க பெருமையாத்தான் சொல்லிக்கிறாங்க.